களியும் கால்ஷியமும்

வியாதியாய் இருப்பவரைப் பார்க்க வெறுங்கையுடன் போகக் கூடாது என்பது, நம் தேசத்தில் எந்தச் சட்டசபையும் இயற்றாத, ஆனால் எல்லோரும் தவறாமல் அனுசரிக்கிற ஒரு சட்டம். நம் தாத்தா காலத்தில் இரண்டு சாத்துக்குடியும் ஒரு ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனால் மரியாதை நிறைவேறிவிடும். இப்போதோ மனிதர்களுக்கு ஞானம் வளர்ந்துவிட்டது. பழத்தில் என்ன சத்து இருக்கிறது, ரொட்டியில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். கடைசியில் பழத்தையும் ரொட்டியையும் விட்டுவிட்டுச் சத்தை மட்டும் தகர டப்பாவில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சென்ற சித்திரை மாதத்தில், தர்மபுரி ஜில்லாவில் இருக்கும் நம் சித்தப்பாவைப் பார்க்கப் புறப்பட்டபோது நாமும் அவ்விதமே செய்தோம்.

சித்தப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்டு மூன்று வருஷமாகிறது. ரத்த அழுத்தம் என்னும் வியாதி, வந்ததே தெரியாமல் பல வருஷம் உள்ளே குடியிருந்து, கடைசியில் குடியிருந்த வீட்டையே இடித்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் தர்மபுரி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய், நாலு மணி நேரம் ஒரு யந்திரத்துடன் பிணைக்கப்பட்டுப் படுத்திருந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்புகிறார். டாக்டர்கள் இதை டயாலிஸிஸ் என்கிறார்கள். சித்தி 'டயாலிஸ்' என்பாள். கிராமத்தார் 'ரத்தம் கழுவுகிறது' என்கிறார்கள். மூன்றில் கிராமத்தார் சொல்வதுதான் நமக்கு நன்றாக விளங்குகிறது.

சென்னையில் ஒரு மருந்துக் கடைக்காரரிடம், "சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு நல்ல சத்தாக ஏதாவது கொடுங்கள்" என்றோம். அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. சிறுநீரகத்தின் படம் போட்ட மாவு டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். படத்தைக் காட்டிலும் வேறு அத்தாட்சி நமக்கும் வேண்டியிருக்கவில்லை. "எலும்பு வலி உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றோம். "அப்படியானால் இதுவும்" என்று கால்ஷியம் மாத்திரைகள் வந்தன. "வெயிலில் நடமாடுவதில்லையே?" என்றார். இல்லை என்றோம். "அப்படியானால் இதுவும்" என்று வாரத்துக்கு ஒன்றாகச் சாப்பிட வேண்டிய பொட்டலங்கள் வந்தன. ஒவ்வொரு பொட்டலத்திலும் 60,000 யூனிட் டி வைட்டமின். டாக்டருடைய சீட்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை. சீட்டு வேண்டாமா என்று நாமும் கேட்கவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மனிதனுக்குக் கேள்விகள் தோன்றுவதில்லை.

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, தர்மபுரிக்குப் போய், அங்கிருந்து பென்னாகரம் சாலையில் பஸ் ஏறினோம். இருபுறமும் புளிய மரங்கள். சித்தப்பாவின் கிராமத்தை அடைந்தபோது காலை பத்து மணி இருக்கும். திண்ணையில் கிழக்குப் பார்த்து, இடுப்பில் ஒரு வேஷ்டியுடன், மேலே துணியில்லாமல் வெயிலில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் அந்த மண்ணில் கேழ்வரகும் நிலக்கடலையும் பயிர் செய்த தேகம், பாதியாகக் குறைந்திருந்தது.

"வா, தம்பி! சூரிய பகவானிடம் மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்" என்றார். வெயிலில் டி வைட்டமின் இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். "முப்பது வருஷம் இந்த வெயிலில்தானே உழுதேன்? அப்போது வாங்கியதெல்லாம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. பையைத் திறந்து நாம் கொண்டுவந்த உபசாரத்தை எடுத்து வைத்தோம்.

சித்தி அவற்றை உள்ளே கொண்டுபோனாள். நாமும் பின்னால் போனோம். சுவரலமாரியைத் திறந்தாள். அடாடா! அங்கே ஏற்கெனவே ஒரு மருந்துக் கடை இருந்தது. மாப்பிள்ளை வாங்கி வந்த டானிக். ஓசூரில் வேலை பார்க்கும் மருமகன் அனுப்பிய புஷ்டி மாவு. அயல்நாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பிய மீனெண்ணெய்க் குளிகைகள். பக்கத்து வீட்டு அம்மாள், தன் முழங்கால் வலிக்குக் கேட்டது என்று பாதி அட்டையைக் கிழித்துக் கொடுத்த கால்ஷியம். இவற்றின் நடுவே, கூட்டத்தில் சிக்கிய குழந்தைகளைப் போல, ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துகள். மொத்தம் 11 இருந்தன. நம் உபயத்தில் 14 ஆயிற்று.

மீனெண்ணெயைப் பார்த்ததும் நமக்குப் பழைய ஞாபகம் வந்தது. நம் பாட்டி அந்த எண்ணெயைத் தினம் ஒரு கரண்டி வீதம் நம் வாயில் புகட்டுவாள். அதன் வாசனையைப் பற்றிக் கௌரவமான குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் எழுதுவதற்கில்லை. அவள் முகம் திரும்பியதும் துளசி மாடத்தில் துப்பிவிடுவோம். துளசி நன்றாக வளர்ந்தது.

சித்தப்பாவின் உடம்பு விஷயமாகச் சித்தி சொன்னதுதான் கவலையளித்தது. மூன்று வாரமாக அவருக்குச் சாப்பாட்டைக் கண்டால் குமட்டலாம். மலச்சிக்கல். பகலெல்லாம் அசதி, பேசிக்கொண்டே இருக்கையில் என்ன பேசினோம் என்பது மறந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் கொடுமை, ஓயாத தாகம். டயாலிஸிஸ் செய்துகொள்கிறவருக்குத் தாகத்தைவிடப் பொல்லாத சத்துரு கிடையாது. சிறுநீர் பிரியாத உடம்பில், குடித்த தண்ணீர் அடுத்த சுத்திகரிப்பு வரையில் உள்ளேயே நிற்கும்; காலில் வீங்கும்; அதிகமானால் நுரையீரலில் ஏறி மூச்சை அடைக்கும். இரண்டு நாள் முன்பு நடுராத்திரியில் சித்தப்பா எழுந்து உட்கார்ந்து, மூச்சுக்குத் தவித்தாராம். பொழுது விடிவதற்குள் என்ன ஆகுமோ என்று சித்தி விளக்கை அணைக்காமல் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

"பலவீனம்தான் காரணம். அதனால்தான் ஒருவர் பாக்கியில்லாமல் சத்து மருந்து கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நானும் வேளை தவறாமல் கொடுக்கிறேன்" என்றாள். நாம் தலையை ஆட்டினோம். நம்முடைய பொட்டலத்தில் ஒன்றை அன்றே பாலில் கலந்து கொடுக்கலாம் என்றும் சொன்னோம். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

நல்ல வேளையாக, மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். அங்கிருந்து வந்த செய்தியினால் பொட்டலம் பிரிக்கப்படாமல் தப்பியது. சென்ற வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏதோ சரியாக இல்லையென்றும், வீட்டில் இருக்கும் அத்தனை மருந்துகளையும், சாப்பிடுவது, சாப்பிடாதது, பிறர் கொடுத்தது எல்லாவற்றையும், ஒரு பையில் போட்டுக்கொண்டு வரவேண்டுமென்றும் டெலிபோனில் சொன்னார்கள். ஏதோ கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பை ஒன்றில் சித்தி எல்லாவற்றையும் அடுக்கினாள். விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் மூவரும் புறப்பட்டோம்.

டாக்டரம்மாள் சிறு வயதினர். சித்தப்பாவை யந்திரத்தில் சேர்த்துவிட்டு, எங்களை எதிரே உட்காரவைத்து, மஞ்சள் பையை மேஜைமேல் கவிழ்த்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். கோபிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்து, இரண்டு குவியலாகப் பிரித்தார். வலதுபுறம் ஐந்து, இடதுபுறம் ஒன்பது. நாம் கொண்டுபோனவை மூன்றும் இடதுபுறத்தில் இருந்தன. பரீட்சையில் மூன்று பாடத்திலும் தேறாத பையனைப்போல் உட்கார்ந்திருந்தோம்.

"ஐயாவுக்கு ரத்தத்தில் கால்ஷியம் அதிகமாகிவிட்டது. குமட்டல், தாகம், மறதி எல்லாம் அதனால்தான். அவருக்கு வேண்டிய டி வைட்டமினை நாங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்" என்று வலதுபுறக் குவியலிலிருந்து மிளகளவு குளிகை ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதோடு ஊரார் கொடுத்த கால்ஷியமும் சேர்ந்தால் என்னாகும்?"

நமக்கு ஒன்று விளங்கவில்லை. டி வைட்டமினில் 'ஏற்கெனவே கொடுப்பது' ஒன்று, கடையில் விற்பது ஒன்று என்று இரண்டு ஜாதி உண்டா? கேட்டோம். அவர் சொன்னதை நமக்குப் புரிந்த வகையில் நேயர்களுக்குச் சொல்கிறோம்.

தர்மபுரிச் சீமையில் களி தெரியாதவர் கிடையாது. கேழ்வரகு களத்துமேட்டில் மணியாக வருகிறது; மில்லில் மாவாகிறது; பிறகு அடுப்பில் கொதிக்கும் பானையில் களியாகிறது. மணியை யாரும் தின்பதில்லை, மாவையும் தின்பதில்லை, களியைத்தான் தின்கிறோம். டி வைட்டமினும் அப்படியே. சூரிய வெளிச்சம் பட்டுத் தோலில் உண்டாவதும், கடையில் பொட்டலமாக வாங்குவதும் மணி. அதைக் கல்லீரல் மாவாக்குகிறது. அந்த மாவைக் களியாக்கும் அடுப்பு சிறுநீரகம். உணவிலுள்ள கால்ஷியத்தைக் குடலிலிருந்து ரத்தத்துக்குக் கொண்டு சேர்ப்பது இந்தக் கடைசி வடிவந்தான். சித்தப்பாவின் வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது. ஆகவே களியாகவே சமைத்த ஒன்றை மருந்தாகக் கொடுக்கிறார்கள். மிளகளவு குளிகை அதுதான். ஒரு நாளைக்கு வேண்டியது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அடுப்பு சிறுநீரகத்தில் இருக்கிறது என்பதை உலகம் தெரிந்துகொண்டது வெகு காலத்துக்கு முன்பு அல்ல. மீனெண்ணெய் குழந்தைகளின் எலும்பு வளைவதைத் தடுக்கிறது என்பதும், வெயிலும் அதையே செய்கிறது என்பதும் முதல் உலக யுத்தம் முடிந்த சமயத்திலேயே நிச்சயமாகிவிட்டன. 1922-ல் அந்த வைட்டமினைத் தனியாக இனம் கண்டு, பிறகு 'டி' என்ற எழுத்தைச் சூட்டினார்கள். ஆனால் சிறுநீரகம்தான் அதைக் கடைசியாகப் பக்குவம் செய்கிறது என்று கேம்பிரிட்ஜில் ஃப்ரேஸர், கோடிசெக் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டது 1970-ல். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு எலும்பு ஏன் நொறுங்குகிறது என்ற நெடுநாள் புதிருக்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

விடை முழுவதும் அதுவே என்றும் சொல்லிவிட முடியாது. நம் கழுத்தில், தைராய்டு சுரப்பியின் பின்புறத்தில், அரிசி மணிபோல் நாலு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்ஷியம் குறைகிறதா என்று கண்காணிப்பது அவற்றின் உத்தியோகம். குறைந்தால், எலும்பாகிய களஞ்சியத்தைத் திறந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடும். சிறுநீரகம் நின்றுபோனவருக்கு டி வைட்டமின் பக்குவமாவதில்லை. உணவில் வரும் பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்குகிறது. இரண்டும் சேர்ந்து அந்தச் சுரப்பிகளை ஓயாமல் விரட்டுகின்றன. அவை ஓயாமல் உத்தரவு போடுகின்றன. களஞ்சியம் காலியாகிறது. எடுத்த கால்ஷியமோ போகுமிடம் தெரியாமல், ரத்தக் குழாய்களின் சுவரிலும் இருதயத்தின் வால்வுகளிலும் சுண்ணாம்பாகப் படிகிறது. எலும்பில் இருக்க வேண்டிய சுண்ணாம்பு இருதயத்தில்! இந்த நிலையில், 'எலும்பு வலிக்கிறதா, கால்ஷியம் சாப்பிடு' என்று சொல்லுவது, சுவரில் வெள்ளையடிக்க வேண்டிய சுண்ணாம்பை வீட்டுக்காரர் சாப்பாட்டில் கொட்டுவது போலத்தான்.

"வெயிலில் உட்காருகிறாரே, அது வீணா?" என்று சித்தி கேட்டாள்.

"வீண் இல்லை, அம்மா. காலை இளவெயிலில் தாராளமாக உட்காரட்டும். ரத்தத்தில் நாங்கள் அளந்து பார்ப்பது மாவு நிலையில் இருக்கும் வைட்டமினை. அது 20-க்குக் கீழே இருந்தால் குறைவு என்போம். ஐயாவுக்கு 12 இருக்கிறது. வியாதி வந்தபிறகு வெளியில் போவதில்லை. தோலும் முன்போல் செய்வதில்லை. பழைய வருஷத்து வெயிலை உடம்பு இத்தனை நாள் சேமித்து வைக்காது. கால்ஷியம் இறங்கட்டும், கணக்குப் பார்த்து நானே கொடுக்கிறேன். கொடுத்தால் பரிசோதனையில் எண் ஏறும். எண் ஏறினால் எலும்பு முறியாது, ஆயுள் கூடும் என்று மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது."

இந்தக் கடைசி வார்த்தை நம் மனத்தில் தைத்தது. டாக்டர் என்றால் உறுதி சொல்ல வேண்டும் என்பது நம் ஜனங்களின் எதிர்பார்ப்பு. கடைக்காரர் தயங்காமல் உறுதி சொல்கிறார், அதனால் அவரிடம் போகிறோம். ஆனால் டாக்டரம்மாள் சொன்னதுதான் நியாயம். ஜப்பானில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான டயாலிஸிஸ் நோயாளிகளை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு டி வைட்டமின் இனத்து மருந்து ஒன்றைக் கொடுத்தும், மற்றவர்களுக்குக் கொடுக்காமலும் பல வருஷம் கவனித்தார்கள். கழுத்துச் சுரப்பிகள் அவ்வளவாகக் கெடாதவர்களாகப் பார்த்தே சேர்த்த பரிசோதனை அது. இருதய நோய் ஒரு பகுதியாருக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2018-ல் பிரசுரித்தார்கள். வேண்டியவருக்கு வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு என்பதற்கு மேல், அந்த மருந்துக்கு வேறு மகிமை இல்லை போலும்.

பிறகு டாக்டரம்மாள் வலதுபுறக் குவியலிலிருந்து ஒரு பெரிய வெள்ளை மாத்திரையை எடுத்து, "இதை எப்போது சாப்பிடுகிறார்?" என்று கேட்டார்.

"ராத்திரி படுக்கப் போகும்போது, வெந்நீரில்" என்றாள் சித்தி. "சாப்பாட்டோடு மருந்து கலந்தால் மருந்தின் வீரியம் போய்விடும் என்று அவர் சொல்வார்."

டாக்டரம்மாள் முதல் தடவையாகத் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மாத்திரை உடம்புக்குள் போவதற்கான மருந்தே அல்லவாம். உணவோடு உணவாகக் குடலில் இறங்கி, அதிலுள்ள பாஸ்பரஸைக் கட்டிப் பிடித்து வெளியே கொண்டுபோவதுதான் அதன் வேலை. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. அத்துடன் போகாமல், அது கால்ஷியம் கலந்த மாத்திரையாதலால், கட்டுவதற்குப் பாஸ்பரஸ் இல்லாத அந்தக் கால்ஷியம் நேரே ரத்தத்தில் சேர்ந்துகொள்ளும். ஆறு மாதமாகச் சித்தப்பா, போலீஸ்காரரைத் திருடன் வரும் வேளையில் தூங்கவைத்து, தெருவில் ஜனநடமாட்டம் ஓய்ந்தபிறகு பாராவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்! டாக்டரம்மாள் கால்ஷியம் கலவாத வேறு மாத்திரையை எழுதிக் கொடுத்து, "சாப்பாட்டின் நடுவில், சாப்பாட்டின் நடுவில்" என்று இரண்டு தடவை சொன்னார்.

இடதுபுறக் குவியலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மீனெண்ணெய்க் குளிகையில் டி வைட்டமினோடு ஏ வைட்டமினும் இருக்கிறது. அது சிறுநீரகம் கெட்டவர் உடம்பில் தேங்கி நின்று எலும்பையே அரிக்கும். டானிக்கிலும் அப்படியே. (பாட்டியின் துளசி நினைவுக்கு வந்தது.) டயாலிஸிஸில் தண்ணீரோடு போய்விடுகிற பி வகை வைட்டமின்களுக்கென்று தனி மாத்திரை ஒன்று வலதுபுறத்தில் இருந்தது, அது போதும். புஷ்டி மாவில் பொட்டாஷியமும் பாஸ்பரஸும் அதிகம். நாம் வாங்கிக்கொண்டுபோன, சிறுநீரகப் படம் போட்ட டப்பாவைத் திருப்பி, அடியில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். 'டயாலிஸிஸ் ஆரம்பிக்காதவர்களுக்கு' என்று அச்சிட்டிருந்தது. ஆரம்பிக்காதவர்களுக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும். ஆரம்பித்தவர்களுக்கு, யந்திரம் புரதத்தின் ஒரு பங்கைக் கழுவிக்கொண்டு போவதால், உடம்பின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தினமும் கொடுக்க வேண்டும். படம் ஒன்று, வியாதியும் ஒன்று, விதி நேர் எதிர்.

சித்தப்பாவைப் பார்க்க உள்ளே விட்டார்கள். முழங்கைக்குக் கீழே, இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தில், தேனீக் கூட்டின்மேல் கை வைத்தாற்போல் ரீங்காரம் தெரியும். அதில் இரண்டு ஊசிகள். பக்கத்தில் யந்திரம் சுழல்கிறது. 1943-ல், ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்து தேசத்தில், கோல்ஃப் என்ற டாக்டர், மாமிசம் அடைக்கிற ஸெலபேன் உறையை ஒரு மரப்பீப்பாயில் சுற்றி இந்த யந்திரத்தின் மூதாதையைச் செய்தார். 1945-ல்தான் முதல் நோயாளி ஒருவர் அதனால் பிழைத்தார். 67 வயது ஸ்திரீ. நம் மாகாணத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1960-களின் தொடக்கத்திலேயே இச்சிகிச்சை வந்துவிட்டது. ஆயினும் தர்மபுரி விவசாயி ஒருவர் பஸ் சார்ஜோடு போய்த் திரும்பலாம் என்ற நிலை ஏற்பட்டது, அரசாங்கக் காப்பீடும் ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரிகளில் யந்திரங்களும் வந்த சமீப வருஷங்களில்தான். காத்திருக்கும் இடத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர் ஒருவரைச் சந்தித்தோம். அவருடைய தமக்கைக்கு வயிற்றுக்குள் திரவத்தைச் செலுத்தி வீட்டிலேயே சுத்திகரிப்பு நடக்கிறதாம். பைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றனவாம். 2021 ஆகஸ்டில் அந்த ஜில்லாவின் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இதுவும் ஒன்று.

நாலு மணி நேரம் சும்மா இருக்க முடியுமா? யந்திரத்துக்குள் போகும் தண்ணீரைப்பற்றி அங்கிருந்த உதவியாளரிடம் விசாரித்தோம். நிமிஷத்துக்கு அரை லிட்டர். நாலு மணிக்கு 120 லிட்டர். மனிதர் வாரம் முழுவதும் குடிப்பது பதினாலு லிட்டர் இருந்தால் அதிகம். சித்தப்பா குடிக்கக் கூடியது அதில் பாதி. ஆனால் வாரத்துக்கு 240 லிட்டர் தண்ணீர், ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்புறம் அவருடைய ரத்தத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. தண்ணீரில் உள்ளது சவ்வைத் தாண்டி வரலாம். ஆகையால் பல கட்டமாக வடிகட்டிச் சுத்தம் செய்த தண்ணீரைத்தான் விடுகிறார்கள்.

தர்மபுரியில் இது சாதாரண விஷயம் அல்ல. அந்த ஜில்லாவின் ஆழ்கிணறுகளில் பல இடங்களில் ஃப்ளோரைடு என்னும் உப்பு அளவுக்கு மேல் இருக்கிறது. பல்லைக் கறையாக்கி, வருஷக்கணக்கில் குடித்தால் முதுகெலும்பை விறைக்கச் செய்யும் வஸ்து. நம் சித்தப்பா எந்தப் போட்டோவிலும் வாயைத் திறந்து சிரித்ததில்லை. கர்வம் என்று சிறு வயதில் நினைத்திருந்தோம். பல்லிலுள்ள பழுப்புக் கறைதான் காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. 1937-ல், அப்போதைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாக் கிராமங்களில் முதுகு வளையாத மனிதர்களைப் பரிசோதித்து, இது கிணற்று நீரால் வரும் வியாதி என்று ஷார்ட் என்ற டாக்டரும் அவரது சகாக்களும் எழுதினார்கள். அதற்கு எழுபத்தாறு வருஷம் கழித்து, 2013-ல், ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவேரி நீரைக் கொண்டுவந்தது. சித்தப்பாவின் பேத்திக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது.

குடிக்கும் ஃப்ளோரைடில் ஏறக்குறையப் பாதியை வெளியே தள்ளுவதும் சிறுநீரகந்தான். அது நின்றபிறகு, வந்ததெல்லாம் எலும்பில் போய்ச் சேருகிறது. யந்திரத்தின் தண்ணீரில் அது கலந்தால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது: 1993-ல் சிகாகோ நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வடிகட்டும் சாதனம் பழுதாகி, மூன்று நோயாளிகள் இறந்தார்கள். உதவியாளர் தினம் காலையில் தண்ணீரைச் சோதித்து எழுதும் நோட்டுப் புத்தகத்தை நமக்குக் காட்டினார். ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. கோயில் கணக்கைக்கூட யாரும் அவ்வளவு ஒழுங்காக எழுதிப் பார்த்ததில்லை.

திரும்புகிறபோது சித்தப்பா பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "களி உண்டா, இல்லையா?"

அதை டாக்டரம்மாளிடம் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மூன்று வருஷமாக ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்லியிருக்கிறார்கள். எலும்புக்குக் கேழ்வரகைப்போல் கிடையாது, மூன்று வேளையும் சாப்பிடு என்றார் ஒருவர். கேழ்வரகு சிறுநீரகத்துக்கு விஷம், தொடாதே என்றார் மற்றொருவர். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லி கிராம் கால்ஷியம் இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் பாஸ்பரஸும் 280 மில்லி கிராம் அளவில் இருக்கிறது. பொட்டாஷியம் அதற்கும் மேல். ஒரு முறை டயாலிஸிஸில் வெளியேறும் பாஸ்பரஸ், ஏறத்தாழ ஒரு நாள் உணவில் வருவதுதான். வாரத்தில் ஏழு நாள் வரவு, இரண்டு நாள் செலவு.

சித்தப்பாவின் கேள்வியை வாயால் ஆகாரம் சாப்பிடுகிற எந்த மனிதரும் புரிந்துகொள்வார். அவருக்கு விளைநிலம் போயிற்று, தேகபலம் போயிற்று, நினைத்தபோது ஒரு செம்பு தண்ணீர் குடிக்கும் சுதந்திரம் போயிற்று. மிச்சமிருப்பது மத்தியானம் ஓர் உருண்டைக் களியும் அவரைக்காய்க் குழம்பும். அதற்காக டெலிபோன் செய்தோம்.

டாக்டரம்மாள் சிரித்தார். "களியைக் கண்டு பயப்படுகிறவர்கள் பேரன் வாங்கி வரும் கறுப்பு சோடாவைக் கண்டு பயப்படுவதில்லை. தானியத்திலுள்ள பாஸ்பரஸில் பாதிதான் உடம்பில் சேரும். புட்டியிலும் பொட்டலத்திலும் கலந்து விற்பது அநேகமாக முழுவதும் சேரும். தினமும் வேண்டாம். வாரத்துக்கு மூன்று நாள், மத்தியானம், சிறிய உருண்டை ஒன்று. நடுவில் அந்த மாத்திரை. குழம்புக் காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கட்டும், பொட்டாஷியம் குறையும். இளநீர் மட்டும் வேண்டாம், மாம்பழமும் ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம்" என்றார்.

மாம்பழம் விளையும் சீமையில், சித்திரை மாதத்தில் இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்ற சித்தப்பா ஒரு பெருமூச்சு விட்டார். ஆனால் களிக்கு அநுமதி வந்ததும், நாம் அங்கே போனதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார், பற்கள் தெரியும்படி.

மறுநாள் மத்தியானம் சித்தி களி கிண்டினாள். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரிய உருண்டையைத் தட்டில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாதி சாப்பிட்டு நிறுத்தி, மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கி, "போலீஸ்காரர் வந்துவிட்டார்" என்று சொல்லி மீதியை எடுத்தார்.

நாம் ஊருக்குத் திரும்பும்போது சித்தி இடதுபுறக் குவியல் முழுவதையும் மஞ்சள் பையில் போட்டு நம் கையில் கொடுத்தாள். "நீயே கொண்டுபோ. இங்கே இருந்தால் என்றைக்காவது பிரியத்தில் கொடுத்துவிடுவேன்" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து டெலிபோனில் பேசினாள். கால்ஷியம் இறங்கிவிட்டது. குமட்டல் நின்றது, தாகமும் தணிந்தது, ராத்திரியில் படுத்துத் தூங்குகிறார். டி வைட்டமினைக் கணக்காகக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எலும்பு வலி மட்டும் இருக்கத்தான் இருக்கிறது. அது சுலபத்தில் போகாது என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். புரதத்துக்கு டப்பா வேண்டாமாம். வீட்டுக் கோழிகளின் முட்டையில் வெள்ளைக் கரு மாத்திரம் தினம் நாலு. பாஸ்பரஸ் எல்லாம் மஞ்சளில்தான் இருக்கிறது என்று டாக்டரம்மாள் சொல்லியிருக்கிறார்.

"மஞ்சள் கருவை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"பேத்திக்கு ஒன்று, மீதி மூன்றும் நாய்க்கு. சாயங்காலம் நாலு மணியானால் சமையல்கட்டு வாசலில் வந்து படுத்துக்கொள்கிறது. எழுந்து நடக்க முடியாதபடி கொழுத்துப்போய்விட்டது. அதற்கு ஏதாவது மருந்து இருந்தால் வாங்கி அனுப்பேன்" என்றாள் சித்தி.